நுண்ணலை கண்ட பேரறிஞர்

தோற்றுவாய்

தொண்டை நாட்டு ஊர்களுள் பட்டு நெசவாற் பெயர் பெற்றது ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதியின் கரையில் அமைந்துள்ள அவ்வூரில் நெய்யப்பெறும் சேலையை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். அச்சேலையின் உறுதி தடித்த கயிறொன்றால் வந்ததன்று. கண்ணுக்கு அரிதிற் புலனாகும் பட்டிழைகள் ஆயிரக்கணக்கில் பாவாகவும் ஊடையாகவும் தத்தமக்குரிய இடத்தில் நின்று, சிறிது சிறிதாகச் சுமையைத் தாங்குதலால் வந்த உறுதி அது. பெரிய ஒன்றைக் கொண்டு செய்தற்கரிய செயலை, சிறியன பலவற்றை இடமறிந்து அமைத்து எளிதிற் செய்து முடித்தல் நெசவாளர் கண்ட தொழில் நுட்பமாகும்.

இந்நுட்பம் நெசவுக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் பொருந்தும். கம்பியில்லாமற் செய்தி விடுக்கும் பொறியாளர்கள், மிகுந்த திறனுடன் ஓரிடத்திலிருந்து அலைகளை எறிவதை விடுத்து, சிறிய கருவிகளைப் பல இடங்களிற் பரப்பி, குறைந்த திறனுடன் அலைகளை விடுக்கும் வழியை இக்காலத்தில் நாடுகின்றனர். அவ்வழிக்கு உதவும் மிகக் குறுகிய அலைகளையும், அவற்றை ஆளும் கருவிகளையும் 1895ஆம் ஆண்டிலேயே கண்டு காட்டியவர் வங்கம் தந்த அறிவியற் செல்வர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் மைமன்சிங் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேச நாட்டில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் உயர் பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியாளர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ, தாய்மொழியை முதலிற் கற்றுத் தம் மக்களோடு மக்களாக வளர்தலே நன்று எனத் துணிந்து, மைந்தரை வங்காள மொழிப் பள்ளியிற் சேர்த்தார். ஆண்டு ஏவலாளர் மகனும் மீனவர் மகனும் இளம் போசுக்கு இரு பக்கத்தும் அமர்ந்து பயின்றனர். நீர் வாழ் உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அத்தோழர் கூறிய செய்திகள் அச்சிறுவர் உள்ளத்தில் இயற்கையை ஆராயும் வேட்கையை விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியிற் பயின்றார். அங்கே லபோன் என்னும் பாதிரியார் கண்முன்னே சோதனைகளைச் செய்து காட்டி இயற்பியல் கற்பித்தார். மாணவர் மனம் அத்துறையில் ஈடுபட்டது. 1880ஆம் ஆண்டில் போஸ் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். ஆயினும், விடாது வருத்திய காய்ச்சலால் அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் கேம்பிரிட்ஜ் நகரில் இயற்கை அறிவியல் கற்றார். ஒலி, ஒளி பற்றிய ஆராய்ச்சியில் வல்லவரான ராலே பிரபு ஆண்டு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1885ஆம் ஆண்டில் போஸ் தாயகம் திரும்பினார்.

மானங் காத்த மூன்றாண்டு

திரும்பியதும் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் பதவி கிடைத்தது. அக்காலத்தில், ஒரே பணியைச் செய்யினும் ஐரோப்பியருக்கு ஓர் ஊதியமும் இந்தியருக்கு அதில் மூன்றில் இரு பங்கும் வழங்கும் வழக்கம் இருந்தது. போஸின் பதவி தற்காலிகமானது என்று காரணங் காட்டி, அதிலும் பாதியே தர முன்வந்தனர். போஸ் அதனை எதிர்த்து வழக்காடவில்லை. பதவியை உதறவும் இல்லை. நாள்தோறும் தவறாது பாடம் நடத்தினார். மாதந்தோறும் வந்த ஊதியத்தைத் தொட மறுத்தார்.

இந்நிலை மூன்றாண்டு நீடித்தது. அப்பொழுது அவர் குடும்பம் செல்வ நிலையில் இருந்ததோ எனின், இல்லை. மக்கள் நலங் கருதித் தொழில்கள் தொடங்கிய தந்தையார், பொருளிழந்து கடனில் மூழ்கியிருந்தார். 1887ஆம் ஆண்டில் போஸை மணந்த அபலா அம்மையாரும் இவ்வறுமையைப் பகிர்ந்து கொண்டார். அவ்வம்மையார் வங்கத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டமையால், 1882ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் என்பது தமிழர் அறியத் தக்கது. மூன்றாண்டுக்குப் பின்னர் மேலிடத்தார் போஸின் உறுதியையும் கற்பிக்கும் திறத்தையும் உணர்ந்து, அவரை நிலையாக அமர்த்தி, முழு ஊதியத்தையும் தொடக்க நாள் முதற் கணக்கிட்டு வழங்கினர். அப்பொருள் தந்தையாரின் கடனை அடைக்க உதவிற்று.

சிற்றறையிற் பிறந்த நுண்ணலை

ஒளியும் மின்சாரமும் காந்தமும் தம்முள் தொடர்புடையன என்றும், கண்ணுக்குப் புலனாகா மின்காந்த அலைகள் வெளியிற் பரவக்கூடும் என்றும் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் கணக்கினால் நிறுவினார். ஜெர்மானிய அறிஞரான ஹெர்ட்ஸ் அத்தகைய அலைகளை 1887, 1888ஆம் ஆண்டுகளில் மெய்யாகவே தோற்றுவித்துக் காட்டினார். ஆயின், அவ்வலைகள் நீளம் மிக்கவை. அவை ஒளியைப் போல வளைந்து செல்லும் எனக் காட்டுதற்கு, ஹெர்ட்ஸ் பல நூறு கிலோ எடையுள்ள நிலக்கீற் பட்டகத்தை அமைக்க வேண்டியிருந்தது.

ஹெர்ட்ஸ் 1894ஆம் ஆண்டு தொடக்கத்தில் இளவயதிலேயே மறைந்தார். அவர் ஆராய்ச்சியைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்த போஸ், அதே ஆண்டில் தம் முப்பத்தாறாம் பிறந்த நாளன்று வாழ்நாளை ஆராய்ச்சிக்கு ஒப்படைப்பதென உறுதி பூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் இல்லை. கிடைத்ததோ ஒரு சிற்றறை. துணையாக வாய்த்தவரோ பள்ளிப் பயிற்சி இல்லாத தகரத் தொழிலாளி ஒருவர். இவற்றைக் கொண்டே அவர் வேலையைத் தொடங்கினார்.

அலை நீண்டதாயின் கருவியும் பெரிதாக வேண்டும். அலை குறுகின் கருவியும் சிறிதாகலாம். இதனை உணர்ந்த போஸ், சில மில்லிமீட்டரே நீளமுள்ள அலைகளைத் தோற்றுவித்தார். அதனால் மேசைமேல் வைத்து ஆளத்தக்க சிறு பெட்டியில் அவர் கருவி அடங்கியது. அலைகளை ஒரே திசையிற் செலுத்தவும், வரும் அலைகளைத் திரட்டி ஏற்கவும் குழாய்களையும் கொம்பு போல் வாய் விரிந்த புனல்களையும் அமைத்தார். அலையை விடுப்பதற்கும் ஏற்பதற்கும் உரிய உறுப்பை இக்காலத்தார் ஆண்டெனா என்பர். இன்று வழங்கும் கொம்பு வடிவ ஆண்டெனாவுக்கு மூதாதை போஸின் புனலே.

அலையை ஏற்று அறிவிக்கும் கருவியில் அவர் காட்டிய நுட்பம் இன்னும் வியக்கத் தக்கது. நுண்ணிய எஃகுச் சுருள் விற்களை வரிசையாக அடுக்கி, ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொடச் செய்து, அத்தொடுகையின் அழுத்தத்தைத் திருகாணியால் அளவாகக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். மெல்லிய அலை வந்து பட்டாலும் அக்கருவி உணர்ந்து காட்டிற்று. பேசுவோர் குரலைக் குறைக்க வேண்டுமாயின் கேட்போர் செவி கூர்மையாதல் வேண்டுமன்றோ? அலை விடுக்கும் திறனைக் குறைக்க விரும்புவார் அலையை ஏற்கும் கருவியைக் கூர்மையாக்க வேண்டும் என்பதும் அத்தகையதே.

1895ஆம் ஆண்டில் போஸ் கல்கத்தாவில் தம் சோதனையை அறிஞர் முன் செய்து காட்டினார். ஏறத்தாழ 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வுடைய அலைகள், இடையே நின்ற இரண்டு சுவர்களைக் கடந்து, 23 மீட்டர் தொலைவு சென்று, ஆண்டிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. ஒரு கம்பியும் இல்லாமல் நிகழ்ந்த இச்செயலைக் கண்டோர் வியந்தனர்.

முறுக்கிய நாரும் கால அட்டவணையும்

அரிய பொருள் இல்லையே என ஏங்கி நிற்பவர் அல்லர் போஸ். மின்காந்த அலை ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிரும் இயல்புடையது. வெவ்வேறு தளங்களில் அதிரும் அலைகளுள் ஒரு தளத்து அலையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி அவருக்கு வேண்டியிருந்தது. இரயில் வண்டிகளின் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்தார், அதன் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார், கருவி ஆயிற்று!

பின்னும் ஒரு சோதனை செய்தார். சணல் நாரைக் கற்றையாக்கி முறுக்கி அலைகளின் பாதையில் வைத்தார். அக்கற்றையைக் கடந்த அலையின் அதிர்வுத்தளம் திரும்பியிருப்பதைக் கண்டார். வலமாக முறுக்கிய நார் ஒரு பக்கமும், இடமாக முறுக்கிய நார் எதிர்ப்பக்கமும் அத்தளத்தைத் திருப்பின. 1898ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இவ்வாராய்ச்சி, இன்றும் அறிஞரால் போற்றப்படுகிறது. பட்டிழைக்கு முறுக்கேற்றும் தொழிலை நாள்தோறும் காணும் ஆரணிச் சிறுவர், அத்தகைய முறுக்கிலும் ஓர் இயற்பியல் உண்மை மறைந்து கிடக்கிறது என அறிந்தால் மகிழ்வர்.

புகழும் பொருளும்

1896ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் போசுக்கு அறிவியல் அறிஞர் என்னும் பட்டம் அளித்தது. 1897ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் தம் சிறு கருவிகளுடன் சொற்பொழிவாற்றினார். ஐரோப்பிய அறிஞர் அவரைப் பெரிதும் பாராட்டினர்.

அக்காலத்தே இத்தாலிய நாட்டு மார்க்கோனி வேறொரு வழியிற் சென்றார். நெடுந்தொலைவிற்குச் செய்தி அனுப்புதலே அவர் நோக்கம். அதற்கு உயர்ந்த கம்பங்களையும் நீண்ட அலைகளையும் மிகுந்த மின்திறனையும் அவர் பயன்படுத்தினார். 1901ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த சைகையைத் தாம் ஏற்றதாக அறிவித்தார். அப்போது அவர் கையாண்ட ஏற்புக் கருவி, போஸ் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட இரும்பு, பாதரச அமைப்பைத் தழுவியது என்று பிற்கால ஆய்வாளர் சிலர் எடுத்துக் காட்டியுள்ளனர். மார்க்கோனியின் வெற்றியால் கப்பல்கள் பயன் பெற்றன. பல உயிர்கள் காக்கப்பட்டன. ஆதலின் அவ்வழியும் போற்றத் தக்கதே. ஆயினும், உலகம் நீண்ட அலைகளின்பாலும் பெருந்திறனின்பாலும் சென்றமையால், போஸின் நுண்ணலைகள் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

1901ஆம் ஆண்டில், கம்பியில்லாத் தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் போஸை அணுகி, கண்டுபிடிப்புகளை வெளியிடாமல் காப்புரிமை பெற்றால் இருவரும் பெருஞ் செல்வராகலாம் என ஆசை காட்டினார். போஸ் இணங்கவில்லை. அறிவு உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான செல்வம் என்பது அவர் கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலுக்காக, ஈயமும் கந்தகமும் கலந்த கலீனா என்னும் படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்தார். அதற்குக் காப்புரிமை 1904ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவிக்கு உலகில் முதன்முதல் வழங்கப்பெற்ற உரிமை அதுவே என்பர். போஸோ அதனாற் பொருள் ஈட்ட முயலாமல் அவ்வுரிமை தானே மறையுமாறு விட்டுவிட்டார்.

பிற்கால வாழ்வு

பின்னர்ப் போஸின் உள்ளம் செடி கொடிகளை நாடிற்று. வெப்பம், ஒளி, நஞ்சு முதலியவற்றால் தாவரம் எவ்வாறு தாக்குறுகிறது என்பதை நுட்பமான கருவிகளால் அளந்தார். தாவரத்தின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியொன்றையும் அமைத்தார். இவர் கொள்கைகள் சிலவற்றை ஏற்காதாரும் இருந்தனர். ஆயின், சோதனைக் கருவி அமைப்பதில் இவருக்கு இருந்த திறமையை மறுத்தார் இலர்.

1915ஆம் ஆண்டில் அவர் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்த நாளன்றே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். சிற்றறையில் தகரத் தொழிலாளியின் துணையுடன் தாம் பட்ட இடர்ப்பாடு பின்வரும் இளைஞர்க்கு நேரலாகாது என்பதே அவர் கருத்து. 1920ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

நுண்ணலையின் மறுவாழ்வு

போஸ் மறைந்த பின்னர் உலகம் மெல்ல அவர் வழிக்குத் திரும்பிற்று. செல்பேசி பெருகப் பெருக, நீண்ட அலைகளில் இடம் போதவில்லை. பெருந்திறனுடன் அலை விடுத்தால் மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. ஒருவர் செய்தி மற்றவர் செய்தியோடு கலந்து குழப்பவும் செய்கிறது. இதற்கு மாற்று யாது?

ஆரணியில் நெசவாளர் வாழும் தெருக்களை எண்ணிப் பார்ப்போம். இருட்டிய பின் தறியில் அமர்வார்க்கு விளக்கு வேண்டும். ஊர் நடுவே மாபெரும் விளக்கொன்றை ஏற்றி, அதன் ஒளியால் எல்லார் வீட்டிலும் இழையெண்ணி நெய்யலாம் என்று கருதுவார் உளரோ? தறிதோறும் ஒரு சிறு விளக்கே போதும். கம்பியில்லாச் செய்திக்கும் இதுவே முறை. அலை செல்லும் தொலைவு இரு மடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது; பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகிறது. ஆகவே, 1,000 மீட்டருக்கு எட்ட வேண்டிய ஆண்டெனா 100 மீட்டருக்கு எட்டினாற் போதுமெனின், நூறில் ஒரு பங்கு திறனே அதற்குப் போதும்.

ஊர் முழுதும் பரவ அத்தகைய ஆண்டெனாக்கள் நூறு வேண்டுமே. அனைத்தையும் கூட்டினால் பழைய அளவே ஆகாதோ என்னும் ஐயம் இங்கே எழலாம். அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் இரண்டு. மேற்கூறிய கணக்கு வெட்டவெளிக்கு உரியது. வீடும் சுவரும் நெருங்கிய ஊரில் அலையின் செறிவு இன்னும் விரைந்து குறையும். தொலைவு இரு மடங்கானால் பதினாறில் ஒரு பங்காதலும் உண்டு. ஆகவே, அருகிருந்து அனுப்புதலால் வரும் சேமிப்பும் அங்கே மிகுதி. அன்றியும், நூறு ஆண்டெனாக்களும் ஒருங்கே இயங்க வேண்டுவதில்லை. பேசுவோருக்கு அருகிலுள்ள ஒன்றோ இரண்டோ இயங்கினாற் போதும். அருகிலுள்ள இரண்டு ஒரே செய்தியைக் காலம் பிசகாமல் விடுத்தால், அலையின் முகடும் முகடும் பொருந்தி ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கும்.

இவ்வாறு பரப்பிய ஆண்டெனாக்களையெல்லாம் ஒளியிழைக் கம்பிகள் ஒரு நடு நிலையத்தோடு இணைக்கும். கையிலுள்ள செல்பேசியும் அருகிலுள்ள ஆண்டெனாவோடு மெல்லப் பேசினாற் போதுமாதலின், அதன் மின்கலம் நெடுநேரம் உழைக்கும். இம்முறையிலும் செலவும் தொல்லையும் இல்லாமல் இல்லை. ஒளியிழைகளை இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டெனாவையும் பேண வேண்டும். அக்கருவிகளே உண்ணும் மின்சாரத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். எனவே, எத்தனை ஆண்டெனாக்களை எவ்விடத்தில் அமைத்தல் தகும் என்பதை ஆராய்ந்து முடிவு செய்தல் பொறியாளர் கடமையாகும்.

தொலைவு குறுகிய இவ்வமைப்புக்கு மில்லிமீட்டர் அலைகள் ஏற்றவை. 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் உட்கொள்வதால் அது நெடுந்தொலைவு செல்லாது. முன்னர்க் குறையெனப்பட்ட அவ்வியல்பே இன்று நன்மையாயிற்று; ஒரு தெருவில் வழங்கும் அலை அடுத்த தெருவில் உள்ளதைக் கெடுப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏலமிட்ட அலைவரிசைகளுள் 26 கிகாஹெர்ட்ஸ் வரிசையும் ஒன்று. அதுவும் போஸ் ஆண்ட நுண்ணலைகளுக்கு உறவுடையதே.

ஆண்டெனாக்களைப் பரப்பி அமைக்கும் முறையைப் போஸே வகுத்தார் எனல் பொருந்தாது. அது பிற்காலத்தார் பலரின் உழைப்பால் விளைந்தது. ஆயினும், குறுகிய அலை, சிறிய கருவி, கூரிய ஏற்பி என்னும் மூன்றையும் ஒரு சிற்றறையில் முதலில் ஒன்றுசேர்த்தவர் அவர். உலகப் பொறியாளர் கழகமாகிய ஐ.இ.இ.இ., 2012ஆம் ஆண்டில் கல்கத்தாக் கல்லூரியில் நடந்த அச்சோதனையைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது. அச்சிறப்பு வந்தபொழுது சோதனை நிகழ்ந்து நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊதியத்திற்காக மானத்தை விடாமலும், செல்வத்திற்காக அறிவை மறைக்காமலும் வாழ்ந்த போஸ், தம் நுண்ணலைகளுக்குப் பயன் வரும் நாளைக் காணவில்லை. அவர் பொதுவில் வைத்த அறிவோ, அவர் பெயரை அறியாதார்க்கும் இன்று தெருத்தோறும் பயன் தருகிறது.